உப்பு குறைந்த தண்ணீர்

உப்பை அளக்க விடுகிற சில்வர் நைட்ரேட் நாலைந்து சொட்டு விழுவதற்குள், குடுவையில் மருந்து கலந்து மஞ்சளாக்கியிருந்த தண்ணீர் செங்கல் நிறத்துக்கு மாறிவிட்டது. உப்பு நிறைய இருந்தால் அவ்வளவு லேசில் மாறாது. மறுபடியும் செய்து பார்த்தேன், அதே கதைதான்.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்திகரித்து ஆற்றில் விடுகிற நிலையத்திலிருந்து வந்த மாதிரி அது. மாதாமாதம் பாளையங்கோட்டையில் எங்கள் ஆய்வகத்துக்கு வரும். அந்த நிலையத்தில் நாற்றத்தை எடுத்துவிடலாம், அழுக்கை எடுத்துவிடலாம். உப்பை எடுக்க வழி கிடையாது. ஊரே தின்று கழித்த குழம்பு உப்பு அப்படியே வெளியே வந்தாக வேண்டும். இந்தத் தண்ணீரிலோ தாமிரபரணியில் இருக்கிற அளவுதான் உப்பு. யாரோ நிலையத்துக்கு மேல்புறம், சாக்கடை கலக்காத இடத்துக்குப் போய், ஆற்றிலேயே கேனை முக்கியிருக்கிறார்கள். அப்படியென்றால் நிலையத்துச் சாக்கடை சுத்தமாகாமலே ஆற்றில் விழுகிறது.

யாரோ என்ன யாரோ. கேனைக் கொண்டுவந்தது என் வீட்டுக்காரர் ரிச்சர்ட். அங்கே அவர்தான் ஆபரேட்டர். மற்ற மாதமெல்லாம் டிரைவர்தான் கொண்டுவருவார். இந்த மாதம் இவருக்கு என்ன அக்கறை பொத்துக்கொண்டு வந்தது என்று காலையிலேயே எனக்கு உறுத்தியது.

தண்ணீர் சுத்தம் என்று நான் கையெழுத்துப் போட்டால் விஷயம் முடிந்தது. ஆனால் நிலையத்துக்குக் கீழே, ஆற்றங்கரை ஊரில், என் அக்கா சாரம்மாள் வீட்டுக் குழாயில் வருவது ஆற்று உறைகிணற்றுத் தண்ணீர். போடாவிட்டால் நிலையத்தை நடத்துகிற காண்டிராக்டர் முதலில் வேலையை விட்டு அனுப்புவது இவரைத்தான்.

சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்தவர் உள்ளேயே வந்துவிட்டார்.

"ரிசல்ட் வந்துட்டா எப்சி?"

"அத்தான், இத எங்கன மோந்திய?"

"வெளிய விடுத எடத்துலதான். பின்ன எங்கன?"

"மோட்டாரெல்லாம் ஓடுதா?"

"ஓடுது, ஓடுது."

பொய் சொல்லும்போது எதையும் இரண்டு தடவை சொல்லுவார். சண்டை போட எனக்குத் தெம்பில்லை. கேனில் மிச்சமிருந்ததை ஒரு டம்ளரில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"அவ்வளவு நல்லாயிருக்குன்னா குடிங்க பாப்போம்."

நிலையத்தில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் ஒரு முறுக்கைக்கூடத் தொடமாட்டார். நிலையத்துத் தண்ணீர் சட்டையில் தெறித்தால் வாசலிலேயே கழற்றிப் போடுகிற ஆள். தள்ளிவிடுங்கள், கோபப்படுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். தள்ளிவிட்டிருந்தால், சந்தேகப்பட்டதற்கு அவர் காலில் விழுந்திருப்பேன்.

ரிச்சர்ட் டம்ளரை எடுத்து, அண்ணாந்து, ஒரு மடக்கு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

"இப்ப நம்புதியா?" என்று சிரித்தார். மீசை நுனியில் ஒரு சொட்டு தெளிவாக நின்றது.