சுழல் நாற்காலிச் சக்களத்தி

மிருகக்காட்சிசாலையில் சிங்கக்கூண்டைக் கழுவுகிறவள் அவள். சிங்கத்தைக் கண்டாலே அவளுக்கு வயிறு எரியும். ராத்திரி தூங்கும், பகலில் தூங்கும், இறைச்சியைத் தின்றுவிட்டு மறுபடியும் தூங்கும். பக்கத்துக் கொட்டடி யானையோ, அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தால் போதும் என்று நிற்கும். யானை அவள் கட்சி.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு சிங்கம், புருஷன். முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். தலையணையில் தலை பட வேண்டியதுதான், குறட்டை கிளம்பிவிடும். இவள் விடிய விடியக் கொட்டக் கொட்ட விழித்துக் கிடப்பாள். மகள் கல்யாணம், மாடி ஒழுகல், நாத்தனார் சொன்ன சொல், எதை எடுத்தாலும் பதிலுக்குக் குறட்டைதான். பெண்டாட்டி மேல் துளி அக்கறை இருக்கிற ஆளுக்கு இப்படித் தூக்கம் வருமா? அதுதான் அவளை அரித்தது.

ஒரு மதியம், அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியோடு கடைக்குப் போனாள். மனிதர் சுழல் நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“அடப்பாவி மனுஷா, இங்கேயுமா!”

கூட வேலை பார்க்கும் மொட்டை ஓடிவந்தார். ஊருக்கெல்லாம் முடிவெட்டுகிறவர் தலையில் ஒரு முடி கிடையாது.

“மெதுவா அண்ணி! இப்பதான் கண்ணசந்தாரு. வீட்ல பொட்டுத் தூக்கம் இல்லையாம்.”

“யாருக்கு, இவருக்கா? குறட்டையில கூரை பறக்குது!”

“அது சும்மா விடுறது அண்ணி. முழிச்சிருக்காருன்னு தெரிஞ்சா நீங்க பேச்சை நிறுத்த மாட்டீங்களாமே” என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அப்போதுதான் கவனித்தாள். குறட்டையே இல்லை. வாயை மூடிக்கொண்டு பச்சைப்பிள்ளை மாதிரி தூங்கினார். தன் பக்கத்தில் ஒரு நாளும் அவர் இப்படித் தூங்கியதில்லை. சிங்கத்தின் மேல் இருந்த பொறாமையெல்லாம் அந்த நாற்காலி மேல் பாய்ந்தது. சக்களத்தி! கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று திரும்பினாள்.

அன்று இரவு விளக்கை அணைத்ததும், அவர் ஆரம்பிப்பதற்குள் இவள் குறட்டை விட ஆரம்பித்தாள். என் வாய்க்குப் பயந்தா நடிக்கிறீங்க, எனக்கும் நடிக்கத் தெரியும் என்கிற வீம்பு.

“தூங்கிட்டியா?” என்றார் மெதுவாக.

இவள் இன்னும் பலமாக விட்டாள்.

அவர் அப்பாடா என்று மூச்சுவிட்டுப் புரண்டு படுத்தார். சற்று நேரத்தில் சத்தமே இல்லை. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். வாய் மூடியிருந்தது. அதே நாற்காலித் தூக்கம்.

அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. உலுக்கி எழுப்பி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருந்தது. ஆனால் நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று, குறட்டையை அவள் விடியும் வரை நிறுத்தவே இல்லை.