நடுவில் படுத்த பிச்சைமணி

எங்கள் தெருவில் எண்ணெய் ஏறினால், தண்ணீரைத் திறந்துவிட்டு வட்டமாக மிதப்போம். தலை வெளியே, கால் உள்ளே. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். காலுக்கு எண்ணெய்தான் பிடிக்கும். எண்ணெய் கால்களைப் பற்றிக்கொண்டு நடுவில் சேர்ந்துவிடும். அப்படியே வாய்க்கால்வரை மிதந்துபோய் விட்டுவிட்டு வருவோம். வட்டம் மூட அறுபது பேர் வேண்டும். ஐம்பத்தொன்பது பேர் என்றால் தனித்தனியாக மிதக்க வேண்டியதுதான்.

இந்த ஆவணியில் எண்ணெய் என் வீட்டுப் பரணுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பரணில் என் மனைவி சீனியம்மாள் இருந்தாள். வந்தவர்கள் நாற்பது பேர். அதில் என் சம்பந்தி அங்குச்சாமியும் ஒருவர். இருபத்தேழு வருடத்துக்கு முன் கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டவர். எங்கள் தலைகள் பக்கத்தில் வந்தால் ஒன்றையொன்று தள்ளும். மற்றவர்களுக்கும் அப்படித்தான், எங்கள் தெருவில் பத்திரிகை அடிக்காத வீடு கிடையாது.

கரையில் பிச்சைமணி ஒன்பது பேரோடு நின்றான். எல்லோருக்கும் குட்டைக் கால். அவர்கள் மட்டும் சேர்ந்தால் வட்டம் வராது. கூடிப் பேசிவிட்டுக் கலைந்துபோவார்கள். அதனால் நாங்கள் சேர்ப்பதில்லை.

“அண்ணே, நாங்க நடுவுல நடுவுல படுத்துக்கிறோம்.”

“உன் கால் எண்ணெய்க்கே எட்டாது. நீ என்னத்தத் தூக்குவ?”

“தூக்குறது நீங்க. நான் உங்களுக்கும் சம்பந்திக்கும் நடுவுல இருந்துக்கிறேன்.”

“பத்திரிகைய அப்புறம் படிக்கலாம்!” சீனியம்மாள் பரணிலிருந்து கத்தினாள். “என் பாதம் நனையுது!”

பிச்சைமணிக்கு இந்தப் பக்கம் நான் தலை வைத்தேன். அந்தப் பக்கம் சம்பந்தி வைத்தார். தள்ளவில்லை. மற்ற ஒன்பது பேரும் நுழைந்தார்கள். தலைகள் தள்ளாமல் நெருங்கியதால், ஐம்பது பேரிலேயே வட்டம் மூடிக்கொண்டது. எண்ணெய் கிளம்பியது.

வழியில் சம்பந்தி பேசினார். “அச்சாபீஸ்ல பெரிய எழுத்து தீந்துபோச்சுன்னு சொல்லு, பிச்சைமணி.”

“அவர் பேருக்கு மட்டும் எப்படி மிச்சம் இருந்துச்சுன்னு கேளு.”

பிச்சைமணி இரண்டையும் சொல்லவில்லை. வாய்க்கால் வந்துவிட்டது.

மறுநாள் காலையில் வீடுகள் வட்டமாக நின்றன. வாசல் வெளியே, அடுப்படி உள்ளே. என் வீட்டுக்கும் சம்பந்தி வீட்டுக்கும் நடுவில் அடுப்படியே இல்லாத ஒரு சின்ன வீடு. அதன் வாசலில் பிச்சைமணி பல் துலக்கிக்கொண்டிருந்தான். எல்லா அடுப்படிக்கும் நடுவில் ஒரே எண்ணெய்ச் சட்டி. சீனியம்மாள் வடை சுட்டாள். சம்பந்திக்குப் பெரிய வடை, எனக்குச் சின்னது. இதையும் நான் மறக்கப் போவதில்லை.