நெடுந்தீவுக் கடற்சிங்கமும் ஐந்து மணி பஸ்ஸும்

இறுப்பிட்டி மார்க்கண்டர் பகலில் கிராமச் சபைக் கிளாக்கர். மற்ற நேரமெல்லாம் யாழ்ப்பாணத்துப் பத்திரிகை ஒன்றின் தீவுப்பகுதி நிருபர். முதல் வேலைக்குச் சம்பளம் உண்டு, மரியாதை இல்லை. இரண்டாவதற்கு மரியாதை உண்டு என்று அவர் ஒருவர்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளில் தீவுச் செய்தி யாழ்ப்பாணம் போய்ச்சேர ஒரே வழிதான் இருந்தது. குறிகட்டுவான் வள்ளத்துறையிலிருந்து ஐந்து மணிபோல வரும் கடைசி பஸ்ஸை மறித்து, கண்டக்டர் தம்பிராசாவின் கையில் உறையைத் திணிக்கவேண்டும். அவர் போகிற வழியில் பத்திரிகைக் கந்தோரில் கொடுத்துவிடுவார். இரவோடிரவாக அச்சாகி, காலை முதல் பஸ்ஸில் பத்திரிகை திரும்பி வரும். சங்கடம் என்னவென்றால், தீவில் எந்த விழாவும் ஐந்து மணிக்கு முன் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே நிருபர்மார் விழாவை மத்தியானமே எழுதி முடித்துவிடுவார்கள். 'விழா இனிது நிறைவெய்தியது' என்ற செய்தி பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும்போது, இங்கே மைக் செற்காரன் அப்போதுதான் வயர் இழுத்துக்கொண்டிருப்பான்.

மார்க்கண்டர் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர். சரவணையில் நடந்த பரிசளிப்பு விழா ஒன்றில் பிரதம விருந்தினர் உணர்ச்சி பொங்க உரையாற்றினார் என்று எழுதினார். பிரதம விருந்தினரோ வயிற்றோட்டத்தால் வீட்டைவிட்டு வெளிக்கிடவே இல்லை. மறுநாள் அந்தப் பெரிய மனிதர் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்: "என்ரை பேச்சை வடிவாச் சுருக்கியிருக்கிறீர்."

எமிலியானுஸ் என்ற குத்துச்சண்டை வீரன் பிறந்ததும் இப்படித்தான். தாயின் வயிற்றில் அவன் முன்பே பிறந்திருந்தான் என்பது வேறு விஷயம். நெடுந்தீவுப் பொடியன் ஒருவன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான், அங்குள்ள கழகம் ஒன்றில் ஹெவிவெயிட் பிரிவில் குத்துச்சண்டை பழகுகிறான், ஒருநாள் ஒருவனை விழுத்தியும் விட்டான். மோட்டர் வள்ளத்தில் வந்த யாரோ சொன்ன இந்த மூன்று துணுக்கும்தான் மார்க்கண்டரின் காதில் விழுந்தவை. மழையும் இல்லாத, செய்தியும் இல்லாத மாசம் அது. மார்க்கண்டர் பேனையைத் திறந்தார். எமிலியானுஸ் 'நெடுந்தீவுக் கடற்சிங்கம்' ஆனான். அடுத்த வாரம் ஓடிவந்த நாம்பன் மாட்டைக் கொம்பில் பிடித்து நிறுத்தினான். அதற்கடுத்த வாரம் அவன் அடித்த அடியில் இளம் பனை வடலி ஒன்று சாய்ந்தது. ஆளை ஒருமுறையேனும் கண்ணால் பாராமல் இவ்வளவையும் செய்வது சின்ன வேலையல்ல.

சனம் இதை விழுந்து விழுந்து வாசித்தது. சனசமூக நிலையத் தலைவர் பாலசிங்கம் அதைவிட ஒரு படி மேலே போய், நிலையத்துக்குக் கட்டடநிதி சேர்க்க எமிலியானுஸையும் கொழும்பிலிருந்து வின்சன்ற் என்ற ஹெவிவெயிட்காரனையும் இறுப்பிட்டியில் மோதவிடுவதென்று நாள் குறித்துவிட்டார்.

செய்தி கேட்ட பத்திரிகை ஆசிரியர் கனகசபை, மார்க்கண்டரைக் கந்தோருக்குக் கூப்பிட்டார்.

"ஐசே, இந்த முறை நடந்ததை எழுதும். வெண்டால் வெண்டான் எண்டு எழுதும், தோத்தால் தோத்தான் எண்டு எழுதும். உம்மடை வராத விருந்தினரின்ரை கதை எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறீரோ? இஞ்சை ஒரு முழுநேர நிருபரின்ரை கதிரை காலியாக் கிடக்கு. செய்தி சரியெண்டால் வந்து அதிலை இரும். பிழையெண்டால் இனி எனக்கு உறை அனுப்பவேண்டாம்."

மார்க்கண்டர் அந்தக் கதிரையைப் பார்த்தார். ஒரு கைப்பிடி ஆடியது. ஆனாலும் சைக்கிள் லைசன்சும் நாய் லைசன்சும் எழுதி எழுதிக் கை மரத்துப்போன மனிதருக்கு அது சிம்மாசனமாகத்தான் தெரிந்தது. அவர் வாழ்க்கையில் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான்.

சண்டைக்கு முதல்நாள் எமிலியானுஸ், தாயைப் பார்த்துவிட்டு நெடுந்தீவிலிருந்து வள்ளத்தில் வந்து இறங்கினான். இறங்கினான் என்பதைவிட இறக்கப்பட்டான் என்பது சரி. கடற்சிங்கம் வழி முழுக்கச் சத்தி எடுத்துக்கொண்டு வந்திருந்தது. மாலையோடு நின்ற பாலசிங்கம் அதைப் போடுவதா, முகம் கழுவத் தண்ணீர் கொடுப்பதா என்று தெரியாமல் முழித்தார். ஆள் பெரிய ஆள்தான், அதில் குறை இல்லை. ஆனால் வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. குரல், மாதா கோயிலில் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவனின் தணிந்த குரல்.

"ஒரு சோடா கிடைக்குமோ அண்ணை?" என்றான்.

மார்க்கண்டர் வீட்டில்தான் சாப்பாடு. அவருடைய பெண்சாதி சீதேவி, புருசன் எழுதியதை நம்பிய ஒரே குற்றத்துக்காக விடியமுதல் குசினியில் நின்று ஒரு கல்யாண வீட்டுக்குக் காணுமளவு சமைத்திருந்தாள். எமிலியானுஸ் கையைக் கழுவிவிட்டு வெட்கத்தோடு சொன்னான்: "அக்கா, எனக்குக் கொஞ்சக் கஞ்சி காணும்."

சீதேவி புருசனைக் குசினிக்குள் இழுத்தாள். "இஞ்சாருங்கோ, இந்த மனுசனோ வடலியைச் சாய்ச்சது? இதுக்குக் கோழி கலைக்கவே பயம். இப்ப முற்றத்திலை சேவல் வர ஒதுங்கி நிண்டது, நான் கண்டனான்."

மார்க்கண்டர் திரும்பி வந்தபோது எமிலியானுஸ் சட்டைப் பையிலிருந்து பத்திரிகைத் துண்டுகளை எடுத்து மேசையில் பரப்பிக்கொண்டிருந்தான். எல்லாம் மார்க்கண்டர் எழுதியவை. மடிப்பெல்லாம் கிழிந்து ஒட்டுப்போட்டிருந்தது.

"அண்ணை, நான் நாம்பனைக் கொம்பிலை பிடிச்ச கதை உங்களுக்கு ஆர் சொன்னது? எனக்கே நினைவில்லை. அம்மாவைக் கேட்டனான், அவவுக்கும் தெரியாது. சின்னனிலை பிடிச்சிருப்பன் போலை, என்ன?"

"பிடிச்சிருப்பீர்," என்றார் மார்க்கண்டர். வேறென்ன சொல்வது.

மறுநாள் காலை கிராமச் சபை மேசையில், நாய் லைசன்ஸ் புத்தகத்தின் மறைவில், அவர் இரண்டு செய்தி எழுதினார். வெற்றிச் செய்தி பாதியில் படுத்துவிட்டது. தோல்விச் செய்தியோ தானாக ஓடியது. 'ஊதிப் பெருத்த பலூன் வெடித்தது' என்று தலைப்பிட்டார். தன் வீரம் பற்றித் தானே கதைகட்டி, நம்பிய தீவக மக்களின் முகத்தில் எமிலியானுஸ் கரி பூசிவிட்டான் என்று விளாசினார். ஆசிரியருக்கு உறைப்பான எழுத்துப் பிடிக்கும். யார் கட்டிய கதை என்பதை எழுதுகிற சூட்டில் அவரே மறந்துபோனார். நல்ல எழுத்தாளருக்கு அந்த வசதி உண்டு.

நயினாதீவிலிருந்தும் நெடுந்தீவிலிருந்தும் வந்த சனம் வள்ளம் பிடித்துத் திரும்பவேண்டும் என்பதால் சண்டையை நாலு மணிக்கு வைத்திருந்தார்கள். ரோட்டோரத்து வெளியில், புகையிலைக் குடிலின் பலகைகளை அடுக்கி, மேலே கன்வஸ் படங்கு விரித்து, பனங்குற்றி நட்டு, வள்ளக் கயிறு கட்டி மேடை தயாராக இருந்தது. ஆனால் மைக்கும் பாலசிங்கமும் சந்தித்துவிட்டால் பிரிப்பது கஷ்டம். குத்துச்சண்டையின் தோற்றமும் வளர்ச்சியும் பற்றி அவர் பேசி முடிக்க நேரம் ஐந்தை நெருங்கிவிட்டது.

முதல் சுற்றில் வின்சன்ற் அடித்தான், எமிலியானுஸ் வாங்கினான். இரண்டாவதிலும் அதே ஏற்பாடுதான். எமிலியானுஸின் கைகள் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றன. 'மாட்டைப் பிடி, மாட்டைப் பிடி' என்று பின்னாலிருந்து யாரோ கத்த, சனம் சிரித்தது. அந்தச் சிரிப்பு மார்க்கண்டரின் முதுகில்தான் விழுந்தது. மூன்றாம் சுற்று தொடங்கிய கையோடு வின்சன்ற் விட்ட குத்தில் கடற்சிங்கம் படங்கில் நீட்டி நிமிர்ந்து விழுந்தது.

அதே நேரம் ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது.

மார்க்கண்டர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். கண்டக்டர் தம்பிராசா புட்போட்டில் நின்று கையை நீட்டினார். "கெதியாத் தாருங்கோ, டிரைவர் நிக்கமாட்டனெண்டு துள்ளுறான்."

பின்னால் நடுவர் எண்ணும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க நேரமில்லை என்று மார்க்கண்டர் பிறகு பலருக்கும் சொன்னார். நேரம் இருந்தது. பார்க்கத்தான் தேவைப்படவில்லை, முடிவு அவருக்குத் தெரியுமே. தோல்வி உறையைக் கொடுத்தார். பஸ் புழுதி கிளப்பிக்கொண்டு போனது. இனி அந்தக் கதிரை என்னுடையது என்று நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

அந்த மூச்சு முடியமுதல் மேடைப் பக்கமிருந்து ஒரு இரைச்சல் எழும்பியது. ஓடிவந்து சனத்தை விலக்கிப் பார்த்தால், எமிலியானுஸ் நடுமேடையில் நிற்கிறான். முகம் முழுக்க இரத்தம். படங்கில் கிடப்பது வின்சன்ற். கொழும்புக்காரனின் கால் மட்டும் மெல்ல அசைந்தது. நடுவர் எமிலியானுஸின் கையைத் தூக்கினார். பனையில் ஏறி நின்று பார்த்தவர்கள் இறங்கவும் மறந்து கத்தினார்கள்.

"என்ன நடந்தது? என்ன நடந்தது?" என்று மார்க்கண்டர் பக்கத்தில் நின்றவனைப் பிடித்து உலுப்பினார்.

"நீர்தானே நிருபர், எங்களைக் கேக்கிறீர்!" என்று அவன் தோளை உதறினான்.

தபாற்கந்தோர் ரெலிபோன் பூட்டிக் கிடந்தது. மார்க்கண்டர் பாலசிங்கத்தின் சைக்கிளைப் பறித்துக்கொண்டு பஸ்ஸின் பின்னால் கலைத்துக்கொண்டு போனார். கடற்பாலத்தில் எதிர்காற்று அவரையும் சைக்கிளையும் வேட்டியையும் வெவ்வேறு பக்கம் இழுத்தது. தூரத்தில் பஸ் வேலணைக் கரையில் ஏறி மறைந்தது. அவர் பாலத்தில் குந்தியிருந்து அழுதார். கதிரைக்காகத்தான் அழுதார், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

காலையில் முதல் பஸ் வந்து போனபின் குறிகட்டுவான் துறைக்குப் போனார். கையில் பத்திரிகை. பலூன் முன்பக்கத்திலேயே வெடித்திருந்தது. முதல் இறுப்பிட்டியான் யாழ்ப்பாணத்தில் கால் வைத்ததும் ஆசிரியருக்கு விஷயம் தெரிந்துவிடும். அது போகட்டும். எமிலியானுஸ் இதைப் பார்க்குமுன் வள்ளத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று தோன்றியது.

அவன் துறையில் ஒரு பெட்டியின் மேல் இருந்தான். இரண்டு கண்ணும் வீங்கி மூடிப்போயிருந்தன. சுற்றிவர நெடுந்தீவுச் சனம், கையில் தேத்தண்ணிக் கோப்பை, மடியில் யாரோ கொடுத்த வாழைப்பழச் சீப்பு. ஆனால் சனம் என்னவோ அமைதியாக இருந்தது.

"ஆர், மார்க்கண்டண்ணையோ?" என்றான். "பேப்பர் கொண்டு வந்தனீங்களோ? எனக்குக் கண் திறக்க ஏலாது. ஒருக்கா வாசியுங்கோவன்."

தப்ப வழி இல்லை. மார்க்கண்டர் பத்திரிகையை விரித்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, அச்சில் இல்லாத செய்தி ஒன்றை வாசிக்கத் தொடங்கினார். அவர் ஆயுளில் அதுபோல ஒன்றை எழுதியதில்லை. வீழ்ந்த வீரன் எழுந்தான், தீவகம் மூச்சடக்கி நின்றது, ஒரு சொல்லும் தடுமாறவில்லை. "...வலக்கரத்தை ஓங்கி, இடி விழுந்தாற்போல எதிரியின் நெற்றியில் இறக்கினார் எமிலியானுஸ்!"

"இடக்கை, அண்ணை," என்றான் எமிலியானுஸ். "நெற்றியிலையுமில்லை. விலாவிலை. சின்ன அடிதான்."

மார்க்கண்டர் நிறுத்தினார்.

"நீங்கள் அதைக் காணேல்லை, என்ன? தம்பிராசா அண்ணை காலமை பஸ் இஞ்சை வந்து நிண்ட உடனை எனக்கு முழுக்க வாசிச்சுக் காட்டிப்போட்டார். பலூனெண்டு போட்டிருக்காம். நானே கதை கட்டினனானாம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று மார்க்கண்டருக்குப் பட்டது.

"எனக்குக் கோபமில்லை அண்ணை. ஒண்டு மட்டும் கேக்கிறன். கீழை கிடக்கேக்கை எழும்ப வேண்டாம் எண்டுதான் கிடந்தனான். பேந்து யோசிச்சன், ஒரு படிச்ச மனுசன் என்னைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கு, அதிலை பாதியெண்டாலும் உண்மையா இருக்குமெண்டு. அதுதான் எழும்பினனான். நீங்கள் அதிலை ஒண்டையும் நம்பேல்லையோ?"

பத்திரிகை காற்றில் படபடத்தது. பொய் சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது, ஆனால் அந்த மூடிய கண்களுக்கு முன் அது வரவில்லை. "இல்லைத் தம்பி," என்றார் மார்க்கண்டர்.

எமிலியானுஸ் தலையை ஆட்டினான். வள்ளக்காரன் கூப்பிட்டான். சனம் ஏறத் தொடங்கியது. எமிலியானுஸ் எழும்பித் தடவித் தடவித் துறையின் விளிம்புக்கு வந்து, மார்க்கண்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். பெரிய கை, சுடச்சுட இருந்தது.

"படி எங்கையெண்டு சொல்லுங்கோ அண்ணை," என்றான். "முதல் பாருங்கோ. பேந்து சொல்லுங்கோ."

மார்க்கண்டர் குனிந்து பார்த்தார்.