வெள்ளிக்கிழமைக்குள் வெடிக்கும்

ரேஷ்மா தாம்பரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. சூரியனின் விளிம்பில் தீநாக்குப் போல வளைந்து நிற்கும் வாயுத் திரள்களை அவள் ஆராய்ந்துவந்தாள். ஆய்வு நிலையங்கள் இணையத்தில் போடும் படங்களைத் தினமும் பார்ப்பாள். ஒரு திரளின் ஆட்டம் நாளுக்கு நாள் பெரிதானால் அது வெடித்துக் கிளம்பப் போகிறது என்று நம்பினாள்.

அக்டோபரில் அப்படி ஒன்று ஆடத் தொடங்கியது. 'வெள்ளிக்கிழமைக்குள் வெடிக்கும்' என்று கல்லூரியின் முகநூல் பக்கத்தில் தன் பெயர் போட்டு எழுதினாள்.

வெடிக்கவில்லை. வெள்ளியன்று ஆட்டம் அடங்கி, திரள் சாதுவாக நின்றது. பதிவின் கீழே கேலி குவிந்தது. 'மேடம், வெங்காய விலை எப்போ வெடிக்கும்?' என்று ஒருவன் கேட்டிருந்தான்.

திங்களன்று துறைத் தலைவர் பத்ரிநாராயணன் கூப்பிட்டார். "அந்தப் போஸ்ட்டை எடுத்துடும்மா. அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வருது."

"எடுக்க மாட்டேன் சார். தப்பாப் போச்சுன்னு கீழேயே எழுதிட்டேன்."

"யாரு உன்னை நாள் குறிக்கச் சொன்னா? 'வெடிக்கலாம்'னு போட்டிருந்தா போதாதா?"

"அப்படிச் சொன்னா அது என்னைக்குமே தப்பாகாது சார். அதனாலதான் சொல்லலை."

சாயங்காலத்துக்குள் பதிவைத் தூக்கிவிட்டார்கள்.

மேடவாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டும் அவள் கணவன் ஆல்வின் பயந்துபோனான். "அவரான்ட இன்னாத்துக்கு மல்லுக்கு நிக்கிற? வேலை போச்சுன்னா பேஜாராயிடும்."

"போனா வேற தேடிக்கிறேன். சொன்னதைச் சொல்லவே இல்லைன்னு சாதிக்க என்னால முடியாது."

ஆல்வின் தட்டை அவள் பக்கம் தள்ளினான். "சோறு ஆறிக்கினு கீது, துன்னு. அடுத்தது எப்போன்னு சொல்லு, நானும் பாக்குறேன்."

மறுநாள் அவள் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினாள்: 'என் கணிப்பு தவறியது. ஆட்டத்தை மட்டும் நம்பினேன், திரள் மேலே எழும்புகிறதா என்று பார்க்கவில்லை.' மதியத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள், மறுபடி கிழித்தார்கள். தன் வகுப்பின் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைத்தாள். பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்குள் வந்து அதை அழிக்க யாருக்கும் துணிச்சல் இல்லை.

டிசம்பரில் இன்னொரு திரள் ஆடியது, மெல்ல மேலேயும் எழும்பியது. 'பதினைந்தாம் தேதி' என்று பலகையில் எழுதினாள்.

பதினான்காம் தேதி மாலை பெருங்களத்தூர் நெரிசலில் பேருந்து நின்றுகொண்டிருந்தது. கைப்பேசியில் புதிய படங்கள் வந்தன. வளைவு அறுந்து, நெருப்பு வெளியில் சிதறிப் பறந்திருந்தது. ரேஷ்மா எழுந்து நின்று, "வெடிச்சிடுச்சு!" என்று கத்திவிட்டாள்.

"டயரா?" என்று நடத்துநர் பதறிக் கீழே இறங்கினார்.

மறுநாள் பத்ரிநாராயணன் வகுப்பு வாசலில் நின்றார். "ஒரு நாள் முந்திடுச்சே. இதுவும் தப்புதானே?"

"தப்புதான் சார்" என்றாள். சாக்பீஸை எடுத்து, அவர் பார்க்கவே எழுதினாள்: 'வெடித்தது. நாள் தவறியது.' பிறகு பிள்ளைகள் பக்கம் திரும்பி, விளிம்பில் புதிதாக எழும் திரளின் படத்தைத் திரையில் போட்டாள்.