பாதி நெய் ரோஸ்ட்

பிள்ளை காப்பி கிளப்பின் நெய் ரோஸ்ட்டைப் பற்றி தூத்துக்குடியில் யாரிடம் கேட்டாலும் கால் மணி நேரம் பேசுவார்கள். துறைமுகத்துக்கு லோடு ஏற்றி வருகிற டிரைவர்கள்கூட லாரியை ஓரங்கட்டிவிட்டு அங்கேதான் வந்து உட்காருவார்கள். நானும் அந்தக் கிளப்புக்கு நான்கு தடவை போயிருந்தேன். நான்கு தடவையும் பசியோடுதான் திரும்பி வந்தேன்.

காரணம் வேறொன்றுமில்லை. நான் அங்கே போனது சாப்பிடுவதற்கு இல்லை, பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் உட்காருவதற்கு.

முதலில் வந்த இரண்டு இடத்தையும் அம்மா வீட்டுக்குத்தான் வரச் சொன்னாள். இரண்டும் அமையவில்லை. "போன சனிக்கிழமை வந்தவிய என்ன சொன்னாவ?" என்று தெருவில் ஆளாளுக்குக் கேட்டு அம்மாவை அழ வைத்தார்கள். அப்பா இல்லாத வீடு. பதில் சொல்ல அவள் ஒருத்திதான். மூன்றாவது இடம் முதல் பெண் பார்ப்பதைக் கிளப்புக்கு மாற்றிவிட்டாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம், ஃபேமிலி ரூமில் திரை போட்டிருக்கும், அமையாவிட்டாலும் தெருவுக்குத் தெரியாது. எல்லாம் சரிதான். ஆனால் பெண் சாப்பிடக்கூடாது.

"ஏளா செல்வி, எது வேணும்னு கேட்டா காப்பி போதும்னு சொல்லு. அதையும் பாதி வச்சிரு. காணாததைக் கண்ட மாதிரி தின்னா நம்மள என்ன நினைப்பாவ?" இது அம்மாவின் சட்டம்.

நான் ஹைஸ்கூலில் ஆறு வருஷமாக சயன்ஸ் டீச்சர். ஜீரண மண்டலத்தைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள். மாதாமாதம் சம்பளம் வாங்குகிறேன். ஆண் வாத்தியார்கள் சம்பளத்தன்று கிளப்புக்குப் போய்விட்டு மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அந்த நெய் வாசத்தை வர்ணிப்பார்கள். எழுபத்தைந்தாம் வருஷத்திலும் ஒரு பொம்பளை தனியாகப் போய் அங்கே உட்கார்ந்து சாப்பிட முடியாது. துணைக்கு ஆள் வரும்போதோ சாப்பிடக்கூடாது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏழாவது இடம் சாத்தான்குளம். பையன் பெயர் செல்வதுரை, முப்பத்திரண்டு வயது, புதுத் துறைமுகத்தில் குமாஸ்தா. அவனும் அவன் அம்மா அற்புதமணியும் மட்டும் வந்தார்கள். அன்று பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. மத்தியானம் சாப்பிட நேரமில்லாமல் வெயிலில் நின்றுவிட்டு, முகம் கழுவி சேலை மாற்றிக்கொண்டு நேரே வந்திருந்தேன். திரையை விலக்கி உள்ளே போகும்போதே நெய் வாசம் மூக்கில் ஏறியது.

சர்வர் வன்னியபெருமாள் வந்தார். நான்கு தடவையும் அவர்தான் எங்களுக்குப் பரிமாறியவர். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாப்பிள்ளையைப் பார்த்தவர். தெரிந்த மாதிரி ஒரு நாளும் காட்டிக்கொண்டதில்லை. அந்த மனுஷனுக்கு நான் கடன்பட்டவள்.

"எனக்கு ஒரு நெய் ரோஸ்ட். அம்மாவுக்கு இட்லி," என்றான் செல்வதுரை. எங்களைப் பார்த்தான்.

"எங்களுக்குக் காப்பி போதும்," என்றாள் அம்மா.

அவனிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அமைதியாகப் பேசினான். கல்யாணத்துக்குப் பிறகும் நான் வேலைக்குப் போவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றான். அப்படிச் சொன்ன முதல் ஆள் அவன்தான். அவன் அம்மா, நான் வேதக்கோயில் பாடகர் குழுவில் இருக்கிறேனா, தையல் தெரியுமா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். இந்த இடம் அமைந்துவிடும் என்று எனக்கே தோன்றியது. அம்மாவின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு ஒரு தெளிச்சி வந்திருந்தது.

நெய் ரோஸ்ட் வந்தது. தட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, பொன்னிறமாக. அவன் நடுவில் ஒடித்தான். அந்தச் சத்தத்தில் எனக்கு வாயில் எச்சில் ஊறியது. காப்பியைக் குடித்து அதை விழுங்கினேன். அவன் பேசிக்கொண்டே தின்றான். பாதி தின்றதும் கையை உதறிக்கொண்டு, "போதும்மா, மத்தியானம் சோறு கொஞ்சம் அதிகமாயிட்டு," என்றான்.

அற்புதமணி அந்தத் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். தட்டை மேஜைமேல் இழுத்து என் முன்னால் தள்ளி வைத்தாள்.

"வீணாப் போவுது பாரு. நீ சாப்பிடு தாயி. இனிமே உனக்குப் பழக்கந்தான?"

அதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த நாலு பேருக்கும் தெரியும். பெண் பிடித்துவிட்டது. ஆறு இடம் வாயால் சொல்லாததை ஏழாவது இடம் ஒரு தட்டைத் தள்ளிச் சொல்லிவிட்டது. அம்மா மேஜைக்கு அடியில் என் தொடையைத் தட்டினாள். சாப்பிடு என்று.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இத்தனை நாள் ஆசைப்பட்ட பண்டம் கடைசியில் என் முன்னால் வந்தேவிட்டது, ஒருத்தன் தின்ற மிச்சமாக, ஓரத்தில் அவன் விரல் பதிந்த சட்னியோடு. புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிற வழக்கத்தையெல்லாம் நாசரேத்துக் கிறிஸ்தவர்கள் நாங்கள் இரண்டு தலைமுறைக்கு முன்பே விட்டுவிட்டோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். செல்வதுரையைப் பார்த்தேன். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் அவனையே கட்டியிருப்பேன். அவன் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி," என்று கூப்பிட்டேன். வன்னியபெருமாள் திரையை விலக்கினார்.

"எனக்கு ஒரு நெய் ரோஸ்ட் கொண்டாங்க. புதுசா."

"இது இருக்கே," என்றாள் அற்புதமணி.

"அது உங்க மவன் சாப்பிட்டது. எனக்குப் பசிக்கி, நான் எனக்குச் சொல்லுதேன்."

அம்மா என் தொடையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். நெய் ரோஸ்ட் வர எவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அது வருவதற்குள்ளேயே, "பஸ்ஸுக்கு நேரமாச்சு. கடுதாசி போடுதோம்," என்று இருவரும் எழுந்துவிட்டார்கள். சாத்தான்குளம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கடுதாசி வராது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

வன்னியபெருமாள் பழைய தட்டை எடுத்துக்கொண்டு புதியதை வைத்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "வேலைக்கும் விடுதேன்னு சொன்ன பையன். ஒரு வாய் தின்னா உனக்கு என்ன கொறஞ்சு போயிரும்?" என்று அழுதாள். தின்றேன். கோபத்தோடு பிய்த்து, கோபத்தோடு மென்று தின்றேன். அப்படியும் அது ருசியாகத்தான் இருந்தது.

பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. அம்மாவும் ஐந்து தடவை இங்கே வந்து வெறும் காப்பி குடித்துவிட்டுப் போனவள். பெண்ணைப் பெற்றவளுக்கும் அதே சட்டம். பாவமாக இருந்தது. மிச்சத்தைத் தட்டோடு அவள் பக்கம் தள்ளினேன்.

தள்ளிய பிறகுதான் என் கை என்ன செய்கிறது என்று பார்த்தேன். கூசிப்போனது. தட்டைத் திரும்ப இழுத்துக்கொண்டேன்.

"அண்ணாச்சி, அம்மாவுக்கு ஒண்ணு."

வேண்டாம் என்பாள், எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அம்மா முந்தானையை முகத்திலிருந்து எடுத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லா முறுகலாப் போடச் சொல்லு."