இடது கையில் இரண்டு கட்டங்கள்

தம்பிக்கு வயது நாற்பத்திரண்டு. தொப்பையும் நரைத்த மீசையும் வந்த பிறகும் பட்டறையில் எல்லோருக்கும் அவன் தம்பிதான், அக்கா அப்படிக் கூப்பிடுவதால். உள்ளறையில் அக்கா சோப்பும் உடம்புத் தைலமும் செய்வாள். முன்னறையில் தம்பி விற்பான். அவனிடம் வழி கேட்க வந்த ஆள்கூட இரண்டு சோப்பைக் கையில் வாங்கிக்கொண்டுதான் வழியைத் தெரிந்துகொள்வார்.

இந்த முறை வலையில் பெரிய மீனே விழுந்திருந்தது. நாலு ஓட்டல், நாலிலும் நீச்சல் குளம். குளத்தோரம் வெயிலில் படுக்கும் விருந்தாளிகளுக்கு எலுமிச்சை வாசனைத் தைலம் வேண்டும் என்றார் மேலாளர். ஒரே நிபந்தனை: எலுமிச்சைத் தோலிலிருந்து பிழிந்த எண்ணெய்தான் சேர்க்க வேண்டும், ஆய்வுக்கூடத்தில் செய்த வாசனை ஒரு சொட்டும் கூடாது. தம்பி மூச்சு விடுவதற்குள் சரி என்றுவிட்டான். இந்த ஆர்டர் கிடைத்தால் பட்டறை மூன்றாவது அறையைப் பார்க்கும்.

அக்கா முடியாது என்றாள். அந்த எண்ணெயைப் பூசிக்கொண்டு வெயிலில் படுத்தால் தோல் வெந்துபோகும். ஆய்வுக்கூட வாசனையில் அந்தச் சங்கடம் இல்லை என்றாள்.

"மரத்துல காய்ச்சது சுடும், பாட்டில்ல செஞ்சது சுடாதா? வெளிய சொல்லிடாதக்கா, சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும். நீ கையை நீட்டு."

அதுதான் அவள் வழக்கம். புதுச் சரக்கு எதுவானாலும் யார் கையிலாவது இரண்டு நாள் குடியிருந்துவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். போன மாதம் ஆய்வுக்கூட வாசனை இரண்டு அவள் முழங்கையிலேயே அரித்ததால் மொத்தமாக ஒதுக்கிவிட்டாள். எங்கே பிறந்தாய் என்று எந்த எண்ணெயையும் அவள் கேட்டதில்லை. என்ன செய்வாய் என்றுதான் கேட்பாள்.

இரண்டு கைகளிலும் பேனாவால் இரண்டிரண்டு கட்டம் வரைந்தாள். ஒன்றில் பிழிந்த எண்ணெய் கலந்த தைலம், மற்றதில் ஆய்வுக்கூட வாசனை கலந்தது. வலது கையைக் கறுப்புத் துணியால் சுற்றிவிட்டு, உச்சி வெயிலில் அவனை மாடிக்கு அனுப்பினாள். கவிழ்த்த டிரம் மேல் அரைமணி நேரம் முணுமுணுத்தபடி உட்கார்ந்திருந்தான்.

மறுநாள் காலை நாலு கட்டமும் சுத்தம். தம்பியைக் கையில் பிடிக்க முடியவில்லை. மேலாளருக்குப் போன் போட்டு, நாளைக்கே வருகிறேன் என்றான்.

அக்கா சோப்பு வெட்டுவதை நிறுத்தவில்லை. "நாளைக்கும் அந்தக் கை உங்கிட்டதானே இருக்கும்?"

இருந்தது. இடது கையில் பிழிந்த எண்ணெய்க் கட்டம் இஸ்திரிப் பெட்டி பட்டதுபோல் சிவந்து, ஓரத்தில் ஒரு கொப்புளமும் கிளம்பியிருந்தது. பக்கத்துக் கட்டம் பளிச்சென்று இருந்தது. துணிக்குள் இருந்த வலது கையில் ஒன்றுமில்லை. தம்பி இரண்டு கைகளையும் வெளிச்சத்தில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தான்.

அக்கா ஈரத்துணியால் ஒற்றினாள். "அந்த எண்ணெய் கெட்டது இல்லடா. சோப்புல போட்டா கழுவிட்டுப் போயிடும். வெயில்ல படுக்கறவங்களுக்குத்தான் ஆகாது." மற்றதை அனுப்பிவிடலாமா என்று கேட்டான். "வேண்டாம்னு சொல்ல ஒரு கை போதும். சரின்னு சொல்லப் பத்துக் கையாவது வேணும்" என்றாள். அதற்கு மூன்று வாரம் ஆகும்.

மேலாளர் முன்னால் தம்பி சட்டைக் கையைச் சுருட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான். விற்கத் தொடங்கிய நாளிலிருந்து தன் சரக்கின் குறையைத் தன் வாயால் சொன்னது அன்றுதான். மேலாளர் கையை நெடுநேரம் பார்த்தார். ஆனால் அவரும் வாங்கி விற்றுப் பழகியவர். ஆய்வுக்கூட வாசனைதானே, அப்படியானால் விலையைக் குறைக்கலாமே என்றார்.

இந்த இடத்தில் தம்பி எப்போதும் கொஞ்சம் இறங்கி வருவான். அன்று இறங்கவில்லை.

"எலுமிச்சைக்கு நான் விலை சொல்லல சார். உங்க விருந்தாளி கைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒருத்தர் அதைச் சந்தேகப்பட்டுப் பாக்கறாங்க. விலை அதுக்கு. மூணு வாரம் பொறுக்க முடியலைன்னா, வேற இடத்துல வாங்கிக்குங்க."

மேலாளர் எழுந்து அலமாரியைத் திறந்தார். விருந்தாளிகளுக்கு இப்போது கொடுக்கும் தைலக் குப்பிகள் மூன்றை மேசைமேல் வைத்தார். "மூணு வாரம் பொறுத்துக்கறேன். அதுவரைக்கும் இதையும் அவங்க பாத்துச் சொல்வாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன் சார். எங்க அக்கா என் சிபாரிசுக்கெல்லாம் மசியறவங்க இல்ல."

சுருட்டிய கையை இறக்காமலே வெளியே வந்தான். வாசல் காவலாளி, கையில் என்ன காயம் என்று தெரியாமல் கேட்டுவிட்டார். தம்பி குப்பிகளைக் கீழே வைத்துவிட்டு, அக்கா பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலிருந்து ஆரம்பித்தான்.