பிரபுவைப் பார்க்க வந்தவர்கள்

என் கணவர் ஆப்ரி ஒரு பிரபு. சொன்னால் யார் நம்புகிறார்கள்? அன்று காலை அவர் போட்டிருந்தது செத்துப்போன என் மாமனாரின் ஸ்வெட்டர். இரண்டு முழங்கையும் வெளியே எட்டிப் பார்த்தன. கால்சட்டையை வைக்கோல் கட்டும் கயிற்றால் இறுக்கியிருந்தார். புதுத்துணி போட்டால் எங்கள் ஆட்கள் புதுப்பணக்காரன் என்று சிரிப்பார்கள். நாட்டிலேயே மிஞ்சியிருப்பது சில நூறு பிரபு குடும்பம். அத்தனை பேரும் கந்தலில் ஒளிந்துகொண்டால் யார் கண்ணில் படுவோம்?

டிவி தொடர் எடுக்கிறவர்கள் அன்று எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாக இருந்தது. அவர்களுக்குப் பிடித்துப்போனால் அந்த வாடகையில் கூரையைச் சரிசெய்துவிடலாம். இல்லையென்றால் வீட்டை விற்க வேண்டியதுதான்.

"ஒரு நல்ல கோட்டாவது போடுங்களேன்" என்று கெஞ்சினேன்.

"நம்ம வீட்டுல நானே எதுக்கு வேஷம் கட்டணும்?"

நான் டீ போட உள்ளே போன நேரம் பார்த்து அவர்கள் வந்துவிட்டார்கள். தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்த ஆப்ரியிடம் இயக்குநர் பெண், "பெரியவரே, பிரபு எங்க?" என்று கேட்டிருக்கிறாள். தன் பட்டத்தைத் தானே சொல்வதற்கு இவருக்குக் கூச்சம். "இங்கதான் எங்கயாவது இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். நான் தட்டோடு வெளியே வந்தபோது, காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிய அவர்கள் கார் வாசலைத் தாண்டியிருந்தது.

"வாயில என்ன கொழுக்கட்டையா?"

"நான் ஒண்ணும் பொய் சொல்லலையே!"

தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுவாரம் அந்தப் பெண் போன் செய்தாள். பிரபு வந்து ஒரு வார்த்தை பேசாதது அவளுக்கு வருத்தமாம். பக்கத்து மாளிகையையே எடுத்துக்கொண்டார்களாம். அதை வாங்கியிருப்பவர் கிரம்ப், பிஸ்கட் கம்பெனி முதலாளி. "என்ன உடுப்பு, என்ன மிடுக்கு! பாத்தாலே பிரபுன்னு தெரியுது மேடம். தொடர்லயும் அவரையே பிரபுவா நடிக்க வெச்சுட்டோம். உங்க தோட்டக்காரரை மட்டும் ரெண்டு நாள் நடிக்க அனுப்பறீங்களா? பிரபு நடந்து வரப்போ தொப்பியைக் கழட்டணும், அவ்வளவுதான்."

"அது தோட்டக்காரர் இல்லம்மா, அவர்தான் பிரபு!"

"செம ஜோக் மேடம்" என்று சிரித்தாள்.

எரிச்சலில் அதை அப்படியே ஆப்ரியிடம் போய்க் கொட்டினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "என்னையா கேட்டாங்க? ஸ்வெட்டர் இதே போதுமாமா?"

மறுநாள் நல்ல மழை. மாடியில் ஒழுகும் இடத்துக்கெல்லாம் நான் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். கீழே கண்ணாடி முன்னால் நின்று, பிஸ்கட்காரருக்குத் தொப்பி கழற்றிப் பழகிக்கொண்டிருந்தார் என் பிரபு.